ஒரு மீட்டருக்குள் ஓர் இடுப்பு

பெங்களூரின் சரித்திரத்திலேயே ஒரு மனிதனின் இடுப்பை வைத்து ஓட்டுக் கேட்டவர் சென்டிமீட்டர் மாஸ்டர் ஒருவர்தான். அந்த இடுப்பு என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுவில் காக்ஸ் டவுனில் என் வாடகை அறைக்குக் கீழே அவருடைய தையல் கடை இருந்தது. டேப்பில் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்குமல்லவா? மாஸ்டர் இஞ்ச் பக்கத்தை மட்டும் காடாத் துணி வைத்துத் தைத்து மூடிவிட்டார். அவர் எதிரில் யாராவது வாய் தவறி 'இஞ்ச் டேப்' என்று சொன்னால் அவர்கள் சட்டைக்குக் காஜா எடுக்க ஒரு வாரம் கூடுதலாகும்.

இந்த வெறிக்குக் காரணம் ஒரு கல்யாணச் சட்டை. அரை, கால், அரைக்கால் என்று மாஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டை, தைத்த ஆள் தப்பாகப் படித்துவிட்டார். காலர் இறுக்கியதில் மாப்பிள்ளைக்குச் சர்ச்சில் 'சம்மதம்' என்று சொல்லக் குரல் வரவில்லை. பெண் வீட்டார் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு, கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிப் பாதிரியாரை நெருக்க ஆரம்பித்தார்கள். அன்றோடு மாஸ்டர் பின்னங்களைத் தலைமுழுகினார்.

தான் மாறினால் போதும் என்று விடுகிற ஆள் இல்லை அவர். எங்கள் வட்டாரத் தையல்காரர் சங்கத்தில் இருபத்து மூன்று பேர். எல்லார் ஆர்டர் புக்கிலும் இனி சென்டிமீட்டர்தான் என்று தீர்மானம் கொண்டுவரப் புறப்பட்டார். சைக்கிளில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரே கேள்வியைக் கேட்டார்: "துணி கடையில மீட்டர்லதான கிழிக்கிறான்? நம்ம வாசப்படி தாண்டுனதும் அது ஏன் இஞ்ச் ஆவுது?"

கேட்ட எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால் தலையாட்டியதற்காக யாரும் ஓட்டுப் போட்டுவிடுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் ஞாயிறு விடுமுறைக்கு ஆதரவு கேட்டார், மாஸ்டர் கொடுத்தார். நாகப்பா என்ற இன்னொரு தையல்காரர் தீர்மானம் கன்னடத்திலும் வேண்டும் என்றார், அதையும் சேர்த்தார். எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. நான் ஏதோ மந்திரியின் காரியதரிசி மாதிரி பேனாவைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படிக் குத்திக்கொண்டு திரிந்தேன்.

இடித்தது சங்கத் தலைவர் ஜமீல் பாயிடம்தான். லேடீஸ் டைலர். "மாஸ்டர், நம்மகிட்ட வர்ற அம்மாங்க இடுப்பு முப்பத்தாறுன்னாலே முறைக்கிறாங்க. தொண்ணூத்தொண்ணுன்னு சொன்னா தெச்சத மூஞ்சிலயே வீசிடுவாங்க" என்றார்.

மாஸ்டர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் முகம் மலர்ந்து பாயிடம் போனார். "மீட்டர்ல சொல்லுங்க பாய். பாயிண்ட் ஒம்போது ஒண்ணு. ஊர்ல எல்லாரும் ஒண்ணுக்குள்ளதான்."

அது தீயாகப் பற்றிக்கொண்டது. கூட்டத்தன்று பிரேசர் டவுன் பள்ளிக்கூட அறையில் நாங்கள் நுழைந்தபோது பதிமூன்று ஓட்டு எங்கள் பக்கம்.

ஜமீல் பாய் எழுந்தார். "எல்லாரும் ஒண்ணுக்குள்ளன்னு சொல்றீங்களே மாஸ்டர். இதோ உங்க ஆளு உக்காந்திருக்காரே, அவர அளங்க பார்க்கலாம்."

நான் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டிருந்தேன். ஒரு பிளேட் என்று சொல்லவும் மனசாட்சி இடம் தரவில்லை. பல வருஷமாக உலகத்துக்கு முப்பத்தாறு என்று சொல்லிவந்தவன், பெல்ட்டில் ஆணியால் ரகசிய ஓட்டைகள் போட்டவன். எழுந்து நின்றேன். ஒரு மனிதனின் மூன்று வார அலைச்சல் என் தொப்பைக்குள் இருந்தது. முதுகெலும்பைத் தொடும்வரை அதை உள்ளே இழுத்தேன். காது அடைத்தது. எதிர்ச்சுவரில் இருந்த உலகப் படத்தில் நாடுகள் இடம் மாறத் தொடங்கின.

டேப் சுற்றி வந்தது. தலைகீழாக நானே படித்தேன்: தொண்ணூற்றெட்டு. ஜெயித்துவிட்டோம். மாஸ்டர் அதை வாயால் சொன்னால் போதும்.

அவர் டேப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மூச்ச வுடுங்க."

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

"வுடுங்க சார். புடிச்சு வெச்சிருக்கறது உங்க அளவு இல்ல."

விட்டேன். டேப் அவர் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு போயிற்று. "ஒரு மீட்டர், நாலு சென்டிமீட்டர்" என்று குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் உரக்கப் படித்தார். அறை சிரித்துத் தீர்த்தது. தீர்மானத்துக்கு ஏழு ஓட்டு. நாகப்பாவின் கை பாதி உயர்ந்து, தலை சொறிவதாக முடிந்தது.

திரும்பும் வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தொண்ணூற்றெட்டு என்று சொல்லியிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"சொல்லலாம் சார். அப்புறம் நான் எதுக்கு இஞ்ச்ச திட்டணும்?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அந்த அளவுல பேன்ட் தெச்சா நீங்க எப்டி உக்காருவீங்க?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். முதல் கடை ஜமீல் பாயுடையது.

அதற்குப் பிறகு ஆபீசில், ஆஸ்பத்திரியில், சம்பந்தி வீட்டில் என்று என்னை எத்தனையோ பேர் அளந்துவிட்டார்கள். முதலில் மூச்சு விட்டுக்கொள்ளச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.