லிஃப்ட் மெக்கானிக்கைத் தக்கவைத்த வரலாறு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்திலிருந்து நல்ல மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகப் போட்டி நிறுவனங்களுக்குத் தாவிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். அவரைத் தக்கவைப்பது எப்படி என்று நிர்வாகம் ஆழ்ந்து ஆலோசித்தது. சம்பளத்தைக் கூட்டலாமே என்று யாரோ வாய்தவறிச் சொல்லி, உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். கடைசியில் மேனேஜர்தான் மூலகாரணத்தைக் கண்டுபிடித்தார். ஒழுங்காக வேலை செய்வதால்தானே அடுத்தவன் கண் படுகிறது?

மெக்கானிக் ‘நிறுவனத்தின் அரும்பெரும் சொத்து’ என்று அறிவிக்கப்பட்டார். சொத்தை யாராவது தெருவில் விடுவார்களா? அவருக்கு ஏசி அறை, சுழல் நாற்காலி, ஜன்னலுக்குக் கனத்த திரை. லிஃப்ட் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. தவிர்க்க முடியாமல் போக நேர்ந்தால், பார்க்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும்படி வேலை செய்ய வேண்டும். ஊர் லிஃப்டுகளைப் பார்க்க, யாரும் கொத்திக்கொண்டு போகவே மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் அனுப்பப்பட்டார்கள்.

மெக்கானிக்குக்குக் கை அரித்தது. வீட்டில் அதைவிடச் சங்கடம். அவர் குடியிருந்த ஆறுமாடிக் கட்டிடத்தின் லிஃப்டும் படுத்துவிட்டது. உச்சி மாடியில் அவரோடு இருந்த முட்டிவலிக்கார மாமனார், டீக்கடைச் சகாக்களைப் பார்க்க வழியில்லாமல் அடைந்துகிடந்தார். பொழுது போகாமல், மகள் காய் நறுக்குவதிலிருந்து பேரன் பல் தேய்ப்பது வரை எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தார்.

“நீங்க கை வெச்சா சரியாப்போயிடும். போய்ப் பாருங்களேன்” என்றாள் மனைவி.

“கீழ்வீட்டுக்காரர் போட்டிக் கம்பெனிம்மா. நான் ஒழுங்கா வேலை செய்யறது வெளிய தெரிஞ்சா வேலை போயிடும்.”

“அப்ப எங்கப்பாவை நீங்களே தூக்கிட்டு இறங்குங்க.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெக்கானிக் மாமனாரின் தொந்தியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இந்தச் சமயத்தில், ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கும் வழக்கத்தைப் பேசித் தீர்க்கப் போட்டி நிறுவனங்களின் மேனேஜர்கள் வந்தார்கள். மெக்கானிக்கின் மேனேஜர் வந்தவர்களை மரியாதையோடு அலுவலக லிஃப்டில் ஏற்றிக்கொண்டார். அது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. மெக்கானிக் பெட்டியோடு ஓடினார்.

கதவிடுக்கு வழியாக மேனேஜரின் குரல் கிசுகிசுத்தது. “சட்டுனு தொறந்துடாதீங்க. இவங்க பாத்துட்டிருக்காங்க.”

உத்தரவு உத்தரவுதான். மெக்கானிக் ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்தார், காலில் போட்டுக்கொண்டார், உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கதவைத் தட்டி விசாரித்தார். விருந்தாளிகள் தங்கள் சிறந்த மெக்கானிக்குகளுக்கும் இதே பயிற்சியைத்தான் கொடுத்திருந்தார்கள். இவ்வளவு மோசமாக வேலை செய்வது சாமானியரால் ஆகாது என்று அவர்களுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. இடுக்கு வழியாக விசிட்டிங் கார்டுகள் வரிசையாக நீண்டன. உள்ளே ஏலம் சூடுபிடித்தது. பேரம் படியும்வரை அவர் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

தான் யாருடைய சொத்து என்று முடிவாகாத நேரத்தில் தன்னைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. நேராக வீட்டுக்குப் போனார். ஆசைதீர வேலை செய்தார். லிஃப்ட் சத்தமே இல்லாமல் ஆறாவது மாடிக்கு ஏறியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமனார் மருமகனைக் கூட்டிக்கொண்டு ராஜநடையாகக் கீழே இறங்கி டீக்கடைக்குப் போனார். சகாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். லிஃப்டைச் சரிசெய்தது மாப்பிள்ளையா, அப்படியானால் எங்கள் வீட்டு மோட்டாரையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்களேன் என்றார் ஒருவர். மெக்கானிக் பூரித்துப்போய் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

“எங்க மாப்பிள்ளையா? அவருக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாதே.”

சொல்லிவிட்டு, மருமகனின் கையைப் பாசத்தோடு இறுகப் பிடித்துக்கொண்டார்.