தும்மலுக்கு ஒரு டஸ்ட் கலெக்டர்

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் பல் டாக்டர்.

அவர் முன்னால் இருந்தது அன்றைக்குத்தான் முடித்த ஸ்டூல். மூன்று கால்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. நாலாவது கால் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்தால் கார் ஷெட்டில் புகுந்து மரவேலை செய்வதுதான் டாக்டருக்கு உயிர். கார், பாவம், தெருவில் கிடந்தது. கிளினிக்கில் அவர் வேலையைக் குறை சொன்னவர் இதுவரை யாருமில்லை. சொல்வதற்காக வாயைத் திறந்தால் அதற்குள் அவர் கை இருக்கும்.

மனைவி ஸ்டூலை நாலு பக்கமும் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்றாள். அடுத்த நொடி, "அச்!"

டாக்டரின் முகம் தொங்கிப்போனது. புத்தக அலமாரி செய்தபோதும் இதே தும்மல். சாவி மாட்டும் பலகைக்கும் இதே தும்மல்.

"மரத்தூள் உனக்கு ஒத்துக்கல. எனக்குத் தெரியாதா? நானும் டாக்டர்தானே."

"பல்லுக்குத்தானே?"

"பல்லுக்கு மேலதான்டி மூக்கு இருக்கு!"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "உன் உடம்பை விட எனக்கு இந்த வேலை பெருசில்ல. கடைசியா, தூளை உறிஞ்சி எடுக்கற டஸ்ட் கலெக்டர் ஒண்ணு வெச்சுப் பாக்கறேன். அப்பவும் நீ தும்மினா, மெஷினையெல்லாம் வித்துட்டு ஷெட்டை மூடிடறேன்." சொல்லிவிட்டு ரம்பத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க. நீங்க சந்தோஷமா இருக்கறதுதான் எனக்கு முக்கியம்" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியது.

முதலில், கைவசம் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தார். கிளினிக்கில் நோயாளிகளின் எச்சிலை உறிஞ்சும் மெஷினைத் தூக்கிவந்து, மரத்தைத் தேய்க்கும் மெஷினோடு சேர்த்துக் கட்டினார். அது ஒரு ஸ்பூன் தூளைக் குடித்துவிட்டு விக்கலெடுத்து நின்றது. மறுநாள் அதைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்து, முதல் நோயாளியின் வாயில் விட்டார்.

"டாக்டர், வாயெல்லாம் தேக்கு வாசனை வருதே?"

"நல்ல பல்லுன்னா அப்படித்தான் வரும்" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

சாயங்காலமே கடைக்குப் போனார்.

"வீட்டுல என்ன சார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். அறுக்கிற மெஷினா, இழைக்கிற மெஷினா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"மனைவி. ரொம்பத் தும்மறா."

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். "மரச் சீவல் மட்டுந்தான்னா துணிப்பை வெச்சது போதும் சார். மாவு மாதிரித் தூள்னா அது துணி வழியா வெளிய வந்துடும். ஃபில்டர் வெச்சதுதான் சரி."

டாக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் துணிப்பையை வாங்கிவந்தார். பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்ததாம்.

சுவிட்சைப் போட்டதும் பை ஆளுயரத்துக்கு உப்பியது. "வா வா, வந்து பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவள் கிட்டே வரவும் பையின் வாய் அவிழவும் சரியாக இருந்தது. கூட வந்த இரும்புப் பட்டை எதற்கு என்று புரியாமல், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் பையின் வாயைக் கட்டியிருந்தார் டாக்டர்.

தூசி அடங்கியபோது மனைவி தலையிலிருந்து கால்வரை மரத்தூளாக நின்றாள். கண் மட்டும் தெரிந்தது.

"இது மனுஷன் செய்யற வேலையா? இத்தனை வருஷத்துல ஒரு சாமானாவது உருப்படியா செஞ்சிருக்கீங்களா? அந்த அலமாரியில புத்தகத்தை வெச்சா சறுக்கிட்டு வருது!"

மூச்சு விடாமல் திட்டினாள். ஒரு தும்மல்கூட வரவில்லை. அதிர்ச்சியில் மூக்கு அடைத்துக்கொண்டது என்று டாக்டர் கணக்குப் போட்டார்.

அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. "சரி விடுங்க, ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அலமாரி நல்லாத்தான் இருக்கு. அச்!"

"பாத்தியா, மூக்கு தொறந்துடுச்சு! ஃபில்டர் வெச்சதுதான் வாங்கணும்!"

இந்த முறை கடையிலேயே பெரியதை வாங்கினார். கூரையைத் தொடும் மெஷின், அடியில் பெரிய டிரம், யானைத் தும்பிக்கை போலக் குழாய். அதற்கு இடம்விட அறுக்கும் மெஷின் சமையலறைக்குக் குடிபோனது. சுவிட்சைப் போட்டால் வீட்டு விளக்கெல்லாம் மங்கியது, கதவுகள் தாமாகச் சாத்திக்கொண்டன. அலமாரியில் வைத்திருந்த பல் செட் ஒன்று குழாய்க்குள் போய், டிரம்முக்குள் கடகடவென்று சிரித்தது.

அந்த நேரம் பார்த்து மனைவியின் தம்பி வெளியூரிலிருந்து விருந்துக்கு வந்து சேர்ந்தான். கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தான். அது அவன் கையிலிருந்து பறந்து ஷெட்டுக்குள் போய்விட்டது. அதைத் தேடிக்கொண்டு அவனும் உள்ளே வந்தான்.

ஷெட் கண்ணாடி மாதிரி இருந்தது. டாக்டர் வெள்ளைக் கைக்குட்டையால் சுவரைத் துடைத்துக் காட்டினார். ஒரு பொட்டுத் தூசி இல்லை. நடுவில் புது நாற்காலி நின்றது. அது ஆடுநாற்காலி இல்லை, ஆனாலும் ஆடியது.

"இன்னைக்குத் தெரிஞ்சுடும்" என்றார் மனைவியிடம். "நீ தும்மலேன்னா ஷெட் இருக்கும். எப்படி இருக்கு, சொல்லு."

மனைவி மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப யோசித்தாள். "இந்த மாதிரி நாற்காலியை நான் எங்கயுமே பாத்ததில்லைங்க."

தும்மல் இல்லை! டாக்டர் குதித்தார். மச்சானைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். "உக்காரு, உக்காந்து பாரு! சௌகரியமா இருக்கா?"

அவள் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"சொகுசா இருக்குங்க. எழுந்திருக்கவே மனசு... அச்! அச்! அச்! அச்!"

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போதும். நாளைக்கே எல்லாத்தையும் வித்துடறேன். இவ்வளவு பெரிய மெஷினாலயும் பிடிக்க முடியாத தூசி எதுன்னுதான் எனக்குப் புரியல."

"தூசியா?" என்றான் தம்பி. "அக்காவுக்குத் தூசியெல்லாம் ஒண்ணும் பண்ணாது மாமா. சின்ன வயசுலேர்ந்தே பொய் சொன்னா மட்டுந்தான் அவளுக்குத் தும்மல் வரும்."