லாரிக்கு மூளையா, மூச்சா?

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். நமது லாரி மட்டும் சுமார். அங்கே உங்கள் முதுகுவலியும், அது வந்ததிலிருந்து அண்ணிக்கு வரும் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "பேசாம வித்துடலாம்" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான்.

முதலில் ஒரு நன்றி. பெர்மிட் வரத் தாமதமாகி மழைக்காலம் முழுக்க வண்டி பட்டறைக்குப் பின்னால் சும்மா நின்றபோது, "எலி பூந்தா வயரையெல்லாம் கடிச்சு வெச்சுடும், ஓட்டை எங்கெங்க இருக்கோ துணி வெச்சு அடைங்க" என்று நீங்கள்தானே யோசனை சொன்னீர்கள்? போன தடவை நீங்கள் மறந்துவிட்டுப் போன பழைய பனியன்களை உங்கள் தங்கை அதற்கு எடுத்துக்கொண்டாள். ஒரு எலி, ஒரு பல்லி உள்ளே போகவில்லை. உங்கள் பனியன்களுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேட்டின் உச்சியில் புதிதாக அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி முடித்திருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து வரிசையாகக் குடி வரப்போகிறார்கள். அத்தனை வீட்டுச் சாமான்களையும் ஏற்றிப்போகும் வேலை ஒரே ஒரு லாரிக்குத்தான். மேலே போகும் சாலை ஒடுக்கமானது, நடுவில் ஒரு வண்டி நின்றால் எல்லாமே நின்றுவிடும், ஆகவே முழுப் பாரத்தோடு நிற்காமல் ஏறிக் காட்டுகிற வண்டிக்குத்தான் வேலை என்று குடியிருப்பின் மேனேஜர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பரீட்சை. ஏறினால் பிழைத்தோம். ஏறாவிட்டால் நீங்கள் விற்கச் சொல்வீர்கள், எனக்கும் மறுத்துப் பேச வாய் இருக்காது. ரிடையரான பிறகு ஜன்னலோரம் நாற்காலி போட்டு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, மறுபடி அந்த நாற்காலிக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பயம்.

பரீட்சைக்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டுமே என்று, பாரத்துக்கு எங்கே போவது என யோசித்து, நம் வீட்டுச் சாமான்களையே ஏற்றினோம். கட்டில், பீரோ, சாப்பாட்டு மேஜை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், உங்கள் தங்கையின் தையல் மெஷின் எல்லாம் ஏறியாகிவிட்டது. ஓட்டியது நம் டிரைவர் பொறுமை. (எதற்கும் அவசரப்படாத மனிதர் என்பதால் அப்படிப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.) பாதி மேடு வரை வண்டி முக்கி முனகி வந்தது, பிறகு கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. காய்கறிப் பையோடு நடந்து வந்த ஒரு அம்மா எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி விடட்டுமா?" என்று கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! மறுநாளும் அதே இடம், அதே புகை. மறுபடி ஒத்திகை இருக்கிறதே என்று சாமானை இறக்கவே இல்லை. இந்தக் கடிதத்தைக்கூடக் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, ஜன்னல் விளிம்பில் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். உங்கள் தங்கை தரையில் படுத்துக்கொண்டு, "கல்யாணமான புதுசுலகூட நமக்கு ஒரு கட்டில் இருந்துச்சு" என்கிறாள்.

சரி, நிபுணர்களைக் கேட்போம் என்று முதலில் லேப்டாப்காரரை அழைத்து வந்தேன். இஞ்சின் கம்ப்யூட்டரை ட்யூன் பண்ணுகிறவர். நம் லாரியில் கம்ப்யூட்டர் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது! சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதுதான் இஞ்சினுக்கு எவ்வளவு டீசல் ஊற்ற வேண்டும், எப்போது ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போடுகிறதாம். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு ஒயரைச் செருகினார், லேப்டாப் திரை நிறைய எண்கள் ஓடின, நான் குழந்தை மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "இஞ்சினுக்குப் பலம் இருக்கு சார், கம்ப்யூட்டர்தான் கையைக் கட்டி வெச்சிருக்கு. உத்தரவை மாத்தி எழுதிட்டா போதும், நட்டு போல்ட்டு எதையும் தொட வேண்டாம்" என்றார். "பலம் இருந்தா கம்பெனிக்காரனே ஏங்க கொடுக்கல?" என்றேன். "எல்லா ஊருக்கும், எல்லா டீசலுக்கும் தாங்கற மாதிரி அடக்கி எழுதி அனுப்பறாங்க." மாற்றி எழுதினால் பழையது அதற்கு ஞாபகம் இருக்குமா, கோபம் வருமா, கியர்பாக்ஸ் தாங்குமா என்றெல்லாம் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "காத்து கம்மியா வருதுன்னு ஒரு புகார் காட்டுது. சென்சார் புளுகுது. ட்யூன் பண்ணும்போது அதோட வாயையும் அடைச்சிடறேன்" என்றார்.

அடுத்தது ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர். கம்ப்யூட்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மூளைக்கு எவ்ளோ பாடம் சொல்லிக் கொடுத்தாலும், மூச்சு விட முடியலைன்னா என்னய்யா பண்ணும்? பெரிய ஏர் ஃபில்டர் மாட்டு, தடிமனான குழாய் போடு, தாராளமான சைலன்சர் வை. கண்ணால பாக்கலாம், கையால தொடலாம்!" என்றவர், ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "என் சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமான ஃபில்டரைப் பாத்ததில்ல. ஒரு பொட்டுத் தூசி இல்லையே!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டியை அப்படி வைத்திருக்கிறோம் என்றேன்.

இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னது என் தப்பு. "குழாயைப் பெருசாக்கிட்டு மூளைக்குச் சொல்லலைன்னா என்ன பிரயோஜனம்?" என்று இவர், "உத்தரவு மட்டும் போட்டா இஞ்சின் வெந்து போகும்" என்று அவர். எனக்கானால் இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது. கடைசியில் பொறுமையின் அபிப்பிராயத்தைக் கேட்டேன். நன்றாக யோசித்து மறுநாள் சாயங்காலம் சொன்னார்: "ஃபர்ஸ்ட் கியர்ல போட்டுப் பாக்கலாமா?" இத்தனை நாளும் எந்த கியரில் போனார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே மச்சான், முதல் போட்டதில் பாதி உங்களுடையது, முடிவும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூளையைத் திருத்துவதா, மூச்சைத் திறப்பதா? தயவுசெய்து மூன்றாவதாக 'வித்துடலாம்' என்று மட்டும் எழுதாதீர்கள். அண்ணிக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நல்லபடியாகப் படித்து, லாரி பக்கம் தலைவைத்துப் படுக்காமல், நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
வாளி மேல் உட்கார்ந்தபடி,
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். உறையில் போடுமுன் வழக்கம்போல் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்தாள். பனியன் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, "வண்டியிலேருந்து எத்தனை பனியனை வெளிய எடுத்தீங்க?" என்றாள். சைலன்சரில் ஒன்று, இஞ்சினுக்கு அடியில் ஒன்று என்றேன். "ஐயய்யோ, கேபினுக்குப் பின்னால மேல போகுதே, இஞ்சினுக்குக் காத்து இழுக்கற குழாய், அதோட தொப்பிக்குள்ள ஒண்ணு கட்டினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பொறுமை மேலே ஏறித் தொப்பியைக் கழற்றினார். வெளியே வந்தது உங்கள் பனியன், ஊர்த் தூசி மொத்தமும் அதில்தான் இருந்தது. உடனே கிளம்பினோம். கட்டில், பீரோ, உங்கள் தங்கை உட்பட முழுப் பாரத்தோடு வண்டி நிற்காமல் மேடேறிவிட்டது. பொறுமைதான் பயந்துபோய், "மெதுவா, மெதுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார். மேலே நின்ற மேனேஜர், "இதையே பரீட்சையா வெச்சுக்கறேன், திங்கட்கிழமை வேலையை ஆரம்பிச்சிடுங்க" என்று கை கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சென்சார் சொன்னது நிஜம் என்று லேப்டாப்காரரும், மூச்சுதான் என்று அப்போதே சொன்னேனே என்று கடைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பெருமை பேசுகிறார்கள்.

அந்தப் பனியனில் அத்தனை ஓட்டை இருந்ததால்தான் இஞ்சினுக்கு அரைகுறைக் காற்றாவது போய் இத்தனை நாள் எங்களை அலைக்கழித்தது. நல்ல பனியனாக இருந்திருந்தால் முதல் நாளே வண்டி கிளம்பாமல் நின்று, காரணம் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆகவே மச்சான், பாதி முதலாளி என்ற முறையிலாவது, அடுத்த தடவை வரும்போது புதுப் பனியனாக மறந்துவிட்டுப் போங்கள்.