அரக்கு சார் போட்ட ஒரே ஓட்டு

தேர்தல் என்ற சங்கதியை அரக்கு சாரைவிட அதிகமாக மதித்த ஆள் இந்தத் தேசத்தில் கிடையாது. அவரைவிடக் குறைவாக ஓட்டுப் போட்ட ஆளும் கிடையாது. முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்த் தேர்தல் நடத்தியவர். அவர் போட்ட ஓட்டு, சுழி.

கல்வராயன் மலையில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளிக்கூடம். அவர் தலைமை ஆசிரியர், மற்றதெல்லாம் நான். தினமும் கள்ளக்குறிச்சியில் முதல் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலையேறுவேன். இறங்கும்போதே திரும்பிப் போகிற பஸ்ஸின் நினைப்பு வந்துவிடும். மூன்றே முக்காலுக்கு அது. விட்டால் மறுநாள்தான். ஐந்து வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள், படிவங்களுக்கோ கணக்கே இல்லை. சின்ன வயதுதான், ஆனாலும் அலுப்பு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

அவருக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டைப் பக்கம். ஓட்டுப்பெட்டிக்கு அரக்கு வைத்து வைத்துக் கை பழகிவிட்டது, சும்மா இருக்காது. பீரோ, சாக்பீஸ் டப்பா, சத்துணவு முட்டைப் பெட்டி எல்லாவற்றுக்கும் சாயங்காலம் நூல் கட்டி அரக்கு உருக்கி முத்திரை வைப்பார். சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும். பஸ் ஹாரன் அடிக்கும், நான் முட்டைப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள் என்று சமையல்காரம்மா அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஓட்டு மெஷின் வருகிறது என்று கேள்விப்பட்டபோது மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மெஷினுக்கும் அரக்கு உண்டு என்று தெரிந்த பிறகுதான் சோறு இறங்கியது.

தன் ஓட்டு மட்டும் அவருக்கு வாய்க்கவே இல்லை. எப்போதும் வெளியூர் டூட்டி. ஒரு தடவை, உடன் வேலை பார்த்தவரின் மனைவிக்குப் பிரசவ வலி என்று அந்த டூட்டியையும் வாங்கிக்கொண்டார். இன்னொரு தடவை தபால் ஓட்டு கைக்கு வந்தேவிட்டது. பசை போதாது என்று உறையின் நாலு மூலைக்கும் அரக்கு வைத்து அனுப்பினார். கூடுதல் அடையாளம் இருக்கிறது, செல்லாது என்று தள்ளிவிட்டார்கள்.

"ரூல் சரிதான் டீச்சர். நானா இருந்தாலும் தள்ளிதான் இருப்பேன்" என்றார். அப்புறம், "ஊருக்கெல்லாம் மை வெச்ச கை இது. இதுக்கு வெக்கத்தான் ஆளில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்கு அது உள்ளுக்குள் வலித்தது.

இப்படிப்பட்டவரிடம் மூன்று படப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. பிள்ளைகளுக்கு எது ரொம்பப் பிடிக்கிறதோ அதைப் பள்ளியில் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அடுத்த பள்ளிக்கு அனுப்ப வேண்டுமாம். ஒன்று யானை, ஒன்று பூசணிக்காய், ஒன்று பஸ். யாருக்கு எது பிடிக்கும் என்று கை தூக்கச் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை. அப்படித்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஓட்டுப்பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டவள் மாதிரி ஆகிவிட்டேன்.

ஓட்டுச்சீட்டு வரைகிற வேலை என் தலையில் விழுந்தது. என் யானையும் என் பூசணிக்காயும் ஒரே மாதிரி இருந்ததால் எல்லாவற்றுக்கும் மறுபடி தும்பிக்கை போடச் சொன்னார். ஓட்டுக்கு இரண்டு நாள் முன்னால் பிரச்சாரம் முடிந்தது என்று அறிவித்து, மூன்று புத்தகத்தையும் பீரோவில் வைத்து அரக்கு வைத்துவிட்டார். பிள்ளைகள் பீரோவையே பார்த்துக்கொண்டு இரண்டு நாள் வாய்ப்பாடு சொன்னார்கள்.

வாக்காளர் பட்டியலும் நான்தான். வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தூக்கக் கலக்கத்தில் எழுதிக்கொண்டே போனவள், அதே வேகத்தில் ஆசிரியர் பதிவேட்டையும் சேர்த்து எழுதிவிட்டேன். இருபத்துமூன்று அவர், இருபத்துநாலு நான். சுவரில் ஒட்டிய பிறகுதான் சார் அதைக் கவனித்தார். ஒட்டிய பட்டியலில் கை வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் ஓட்டுப்பதிவு. பிஸ்கட் டின்தான் பெட்டி. என் குடையும் ஒரு சாக்கும் மறைப்பு. புத்தகத்துக்கு ஒரு பிள்ளை ஏஜென்ட், கையில் பட்டியல் நகல். ஒன்றாம் வகுப்புப் பையனைப் பார்த்து, "நீ யாருன்றதுக்கு இன்னா ஆதாரம்?" என்று கேட்டார். தினமும் இவர் மடியில் உட்கார்ந்து 'அ' எழுதுகிறவன் அவன். ஓவென்று அழுதான். அப்புறம் ஓடிப்போய்ப் பேர் வெட்டிய சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினான். தட்டு ஏற்கப்பட்டது. அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

மணி மூன்று. இன்னும் நாலு பேர் பாக்கி. "மூணு மணிக்குள்ள வந்து நின்னவங்க எல்லாருக்கும் ஓட்டு உண்டு. இனிமே வர்றவங்களுக்குக் கிடையாது" என்று உரக்க அறிவித்தார். அவர்களுக்குப் பிறகு தன் பேரைத் தாண்டி என்னைக் கூப்பிட்டார். நான் போட்டேன்.

எண்ணினால் யானை பதினொன்று, பூசணிக்காய் பதினொன்று, பஸ் ஒன்று. பஸ்ஸுக்கு விழுந்தது யாருடையது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

சமமாக வந்தால் குலுக்கல் என்று சீட்டு மடிக்க ஆரம்பித்தார். அப்போது பூசணிக்காயின் ஏஜென்ட், ஐந்தாம் வகுப்பு பூங்கொடி, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், இருபத்துமூணாம் நம்பர் ஓட்டு போடலிங்க."

"அது நான்தாம்மா. டூட்டில இருக்கேன். மணி மூணும் தாண்டிப்போச்சு."

"மூணு மணிக்குள்ள வந்து நின்னவங்க போடலாம்னு நீங்கதான சொன்னீங்க. சோறு துன்னதுலேந்து நீங்க இங்கதான நின்னுகினு இருக்கீங்க?"

அரக்கு சார் முப்பது வருஷத்து விதி எல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார். இதற்கு எதிராக ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. என் பக்கம் திரும்பி இடது கையை நீட்டினார். ஸ்டாம்ப் பேடு மையைத் தொட்டு ஆள்காட்டி விரலில் வைத்தேன்.

குடைக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. இரண்டு நாளாகப் பிள்ளைகள் யோசித்ததை எல்லாம் அவர் அங்கே நின்று யோசித்தார். மூன்றே முக்கால் ஆயிற்று. பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, இன்னொரு தரம் அடித்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை. நான் ஓட்டுப் போட்ட ஒரே வேட்பாளர் என் கண்ணெதிரிலேயே மலையிறங்கிப் போய்விட்டது.

வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டார். தன் சீட்டு தனியாகத் தெரியக் கூடாது என்று எல்லாவற்றையும் கலந்து முதலிலிருந்து எண்ணச் சொன்னார். எண்ணினோம். ஒன்று ஜெயித்தது. அவர் ஓட்டு எதற்கு விழுந்தது என்று மூன்றாம் வகுப்புக் கணக்குக்கே தெரியும். அவர் மட்டும், "ரகசிய ஓட்டும்மா, கேக்கக் கூடாது" என்று விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குச் சமையல்காரம்மா வீட்டில்தான் படுத்தேன்.

அவர் ஓய்வு பெற்று, பிறகு காலமும் ஆகிவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள், யானையா பூசணிக்காயா, எது ஜெயித்தது என்று. நான் சொல்வதில்லை. சொன்னால் சார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று தெரிந்துவிடும்.