குதிரைக்குப் பத்து விரல்

"பதினாறு பேர் பண்றதை நீங்க ஒருத்தரே பண்ண முடியாதா?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஏன் முடியாது?" என்று பியானோக்காரர் சொல்லித் தொலைத்தார். யோசிப்பதற்கு முன்பே பேசிவிடுவது அவர் வாய்க்குப் பழக்கம்.

அந்த ஹோட்டலின் நடன மண்டபத்தில் வாசிக்கும் பெரிய இசைக்குழுவின் உயிர் ஒரு பழைய ஸ்விங் மெட்டு. கேட்டவுடன் கால் துள்ளும் என்பதால் குழுவில் அதற்குக் 'குதிரை' என்று செல்லப் பெயர். குதிரை கிளம்பினால் உட்கார்ந்திருக்கிற ஆள் கிடையாது. ஆடி முடித்த கூட்டம் அப்படியே ஓரத்து பார் கவுண்டரை மொய்க்கும். "உங்க குதிரையால என் கை ஒடியுது அண்ணே" என்று கவுண்டர்காரர் புலம்பாத வாரம் இல்லை.

"சனிக்கிழமை சாயங்காலம் குதிரையைப் பியானோல தனியா வாசிச்சுக் காட்டுங்க. நல்லா இருந்தா நீங்க ஒருத்தர் போதும். மத்தவங்களை அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர்.

அந்த மத்தவர்களில் முதல் டிரம்பெட், பியானோக்காரரின் மனைவி. டிரம்ஸ், அவளுடைய தம்பி.

"சத்தத்தை அடக்க என் டிரம்பெட்டுக்கு அடைப்பான் இருக்கு. உங்க வாய்க்குத்தான் இல்ல" என்று மனைவி சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சினன் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டான். "மாமா, ஒரே வழிதான். படு கேவலமா வாசிங்க."

"நானா?"

"உங்களால முடியும் மாமா. எனக்கு நம்பிக்கை இருக்கு."

முதல் ஒத்திகையில் அவர் வேண்டுமென்றே பக்கத்துக் கட்டைகளைத் தட்டினார். காதில் முள் குத்துகிற மாதிரி இருந்தது. மேனேஜர் துள்ளி எழுந்தார்.

"ஆகா! இந்த உறுத்தல்தான் சார் ஜாஸ்! இத்தனை நாள் பதினஞ்சு பேர் இதை மறைச்சிட்டாங்களே!"

மறுநாள் வேகத்தைக் குறைத்தார். குதிரை, மருந்து குடித்த எருமையாக நடந்தது. தாளம் அடுத்த அடியை எடுத்து வைக்குமா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தால் மேனேஜர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு சார். முதலாளியம்மாவையும் கூட்டிட்டு வந்துடறேன்."

"அப்பாவை ஞாபகப்படுத்தினா எப்படி மாமா எங்க வேலை போகாம இருக்கும்?" என்று மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். "இனிமே வாசிக்காதீங்க. அக்காவோட டிரம்பெட் வர்ற இடத்துல கையைக் கட்டிட்டு உட்காருங்க."

உட்கார்ந்தார். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் உதட்டில் விரல் வைத்து, தரை கூட்டிக்கொண்டிருந்தவரைக்கூட நிறுத்தச் சொன்னார்.

"அந்த மௌனம் இருக்கே! இதுக்குன்னே தனி போஸ்டர் அடிக்கணும்!"

போஸ்டர் வாசலில் ஒட்டப்பட்டது. அதைப் பார்த்துத்தான் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் டிரம்பெட் பெட்டியை டமாலென்று வைத்தாள்.

"என் பாகத்துல கையைக் கட்டிட்டு உட்கார்ந்தீங்களா?"

"உன் வேலையைக் காப்பாத்தத்தான்..."

"நான் கேட்டேனா? அவங்க என்னை வெளிய அனுப்பட்டும், அது அவங்க புத்தி. நீங்க யாரு என் பாட்டை ஊமையாக்க? வாசிச்சா ஒழுங்கா வாசிங்க. இல்ல, பியானோவை மூடி அது மேல துணியைக் காயப் போட்டுடறேன்."

பியானோக்காரருக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாகத் தான் நேசித்த ஒரு மெட்டை மூன்று நாளாக எட்டி உதைத்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கம் போய்க் கோபம் வந்தது. இந்த மேனேஜருக்குப் பயந்து கெட்ட வாசிப்பு வேறு வாசிக்க வேண்டுமா?

வீட்டுப் பியானோ முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். இடது சுண்டுவிரல் பாஸ். அதே கை துள்ளிப்போய் டிராம்போன்களை வாரிக்கொண்டு திரும்ப வேண்டும். வலது கை சாக்ஸபோனாகக் கேள்வி கேட்டு, மேலே ஓடி டிரம்பெட்டாகப் பதில் சொல்ல வேண்டும். டிரம்ஸுக்குக் குதிகால்.

"கடைசி சுரத்தை நான் சறுக்கி இறக்குவேன். பியானோ சறுக்குமா?"

"சறுக்காது. ஆனா பக்கத்துக் கட்டையை உரசிட்டு இறங்கலாம்."

"எங்கே? ம்ஹூம், அவசரப்படறீங்க. அங்க நான் மூச்சு வாங்குவேன். நீங்களும் வாங்குங்க."

வாங்கினார். அவள் சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன் மேசையில் முதலாளியம்மா. பியானோக்காரர் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. பத்து விரலையும் குதிகாலையும் அவிழ்த்து விட்டார். பதினாறு பேரும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள். தூணோரம் நின்ற மனைவியின் மூன்று விரல்கள் காற்றில் டிரம்பெட்டை அழுத்திக்கொண்டிருந்தன. சறுக்கல் வந்த இடத்தில் அவள் கண் கலங்கியது. ஒருவரும் அசையவில்லை, கண்ணை மூடிக் கேட்டார்கள். அவர் மறுபடி வாசித்தார், மாற்றி வாசித்தார், சாயங்காலம் முழுக்க வாசித்தார். முடிந்ததும் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

மச்சினன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டான். "அவ்வளவுதான். நம்ம கதை முடிஞ்சுது."

மேனேஜர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார்! திங்கட்கிழமையிலிருந்து நீங்க மட்டும்தான்!"

பியானோக்காரர் மூடியைச் சாத்தினார். இந்தத் தடவை வாய் முந்தவில்லை, யோசித்தே பேசினார்.

"இப்படி வாசிக்க முடியும்னு காட்டத்தான் வாசிச்சேன். என் பெண்டாட்டி நிக்காத மேடைல எனக்கு வேலை இல்ல. வேற ஆளைப் பார்த்துக்குங்க."

மனைவி வந்து அவர் பக்கத்தில் நின்றாள். முதலாளியம்மா, என்ன தகராறு என்று எழுந்து வந்தார்.

அப்போது கவுண்டர்காரர், துவைத்துத் தேய்த்த சட்டை கசங்காமல், ஐஸ் உருகி நிரம்பி வழிந்த வாளியைத் தூக்கிவந்து அவர்கள் நடுவில் வைத்தார்.

"நாளைக்கே பதினாறு பேரையும் கூப்பிடுங்கம்மா. அண்ணன் வாசிச்ச வாசிப்புல ஆடறதுக்கு ஒருத்தர்கூட எந்திரிக்கல, ஒருத்தருக்குக்கூட தாகம் எடுக்கல!"