கீரி சிங்காரம் சண்டை விடப்போகிறார்

ஒரு காட்டில், காடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், செக்போஸ்ட்டில் தொடங்கி செல்போன் டவரோடு முடிந்துபோகிற காடுதான், அங்கே ஒரு சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. அந்த சர்க்கஸில் சிங்காரம் என்கிற கீரி பாம்பாட்டியாக வேலை பார்த்தார். கீரி எப்படிப் பாம்பாட்டி ஆகலாம் என்று கேட்பவர்கள், யானை எப்படி ஸ்டூலில் உட்காரலாம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மேலே போவதற்கு முன் ஒரு வார்த்தை. இந்தக் கதையில் கீரிக்கும் பாம்புக்கும் பயங்கரமான சண்டை ஒன்று இருக்கிறது. அதனால் பாதியில் யாரும் எழுந்து போய்விடாதீர்கள். கை கட்டியிருப்பவர்கள் கையைப் பிரித்துவிடுங்கள். கதை சொல்கிறவனுக்கு இதைத் தவிர வேறு சரக்கு கிடையாது. ஆகவேதான் முதலிலேயே கெஞ்சிக்கொள்கிறான்.

சிங்காரத்தின் கூட்டாளி ரத்தினம் என்ற நல்ல பாம்பு. சிங்காரம் தலையில் முண்டாசைக் கட்டிக்கொண்டு மகுடி ஊதுவார், ரத்தினம் கூடையிலிருந்து எழுந்து படமெடுப்பாள். ஊதுகிற ஊத்து ரொம்ப சுமார். பதினோரு வருஷமாக ஒரே பாட்டு. அதிலும் மூச்சு வாங்குகிற இடம் வந்தால் சுதி எங்கேயோ போய்விடும். ரத்தினத்துக்குக் காது கேட்காதது பெரிய வசதியாக இருந்தது. அவள் அவருடைய வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள், மகுடி ஆடுகிற பக்கம் தானும் ஆடுவாள்.

ஊதி முடித்ததும் சிங்காரம் தரையில் வட்டமாக ஒரு கோடு கிழிப்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"நான் கீரி. இவ பாம்பு. எங்களுக்குள்ள ஆதிகாலத்துப் பகை. இன்னிக்கு உங்க கண்ணு முன்னாடி, இந்தக் கோட்டுக்குள்ள, கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன். ஜோரா ஒரு தரம் கை தட்டுங்க. பாதியில கலைஞ்சு போறவங்க ரத்தம் கக்கிச் சாவாங்க, அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

அதற்குப் பிறகு தன்னுடைய குருநாதரைப் பற்றிப் பேசுவார். குருநாதர் மலையேறின கதை, மலையில் கிடைத்த வேர், அந்த வேரைத் தாயத்தில் அடைத்தால் என்னென்ன வியாதி போகும் என்கிற பட்டியல். பட்டியல் மூலத்தைத் தாண்டி முதுகுவலிக்கு வருவதற்குள் கரடி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். சண்டை நடக்காது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட நடந்ததில்லை. சிங்காரத்துக்குத் தைரியம் கிடையாது என்று குரங்குகள் பேசிக்கொண்டன. அது சிங்காரத்தின் காதிலும் விழுந்தது. உண்மைதானே என்று அவரும் தலையாட்டிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. சர்க்கஸில் விலங்குகளைப் பயன்படுத்தக் கூடாது. அந்த சர்க்கஸில் விலங்குகளைத் தவிர வேறு யாருமே இல்லை. டிக்கெட் கிழிக்கிறவரே எருமைதான். முதலாளி சிங்கம் இதை எடுத்துச் சொல்லப் போனார். விலங்குகளைப் பயன்படுத்துகிற விலங்கு எந்தப் பிரிவில் வரும் என்று தெளிவு கிடைக்கும்வரை கூடாரத்தைப் பிரித்து வைக்கும்படி சொல்லி அனுப்பினார்கள்.

வேலை போனவர்களுக்கு மறுவாழ்வுப் பட்டியல் ஒட்டினார்கள். சிங்காரத்துக்கு வயல் வரப்பில் எலி பிடிக்கிற வேலை. ரத்தினத்துக்கு மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் விஷம் எடுக்கிற பண்ணை. அங்கே ஒவ்வொரு பாம்பையும் தனித்தனி மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். வாரம் ஒரு தரம் எடுத்துக் கழுத்தைப் பிடித்துப் பிழிவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வண்டி வரும். அதற்குள் யாராவது சொந்தமாக வேலை தேடிக்கொண்டால், கூட வேலை செய்ய ஒருவரைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

ரத்தினம் அலட்டிக்கொள்ளவில்லை. கூடையில் கிடந்தவளுக்குப் பானையில் கிடக்கத் தெரியாதா என்றாள். ஆனால் அன்றைக்கு முட்டையைத் தொடவில்லை. காலையில் எழுந்து கூடையைத் திறந்தால் ரத்தினம் இருக்க மாட்டாள் என்பதைச் சிங்காரத்தால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்தக் காட்டில் வடமலை என்று ஒரு மரங்கொத்தி இருந்தார். ஆட்களை நடிக்கவைத்துப் பார்த்து, தேக்கு மரத்தில் வாராவாரம் படக்கதை கொத்துவார். கேப்டன் முயல்தான் ஹீரோ. வில்லன் வேலையைச் செய்துகொண்டிருந்த நரி திடீரென்று நின்றுவிட்டார். பரம்பரை பரம்பரையாக எல்லாக் கதையிலும் நாங்களே அயோக்கியர்களா, என் மகனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கத்திவிட்டுப் போய்விட்டார். ஹீரோ இரண்டு வாரமாக உதைக்க ஆளில்லாமல் மலைச்சரிவில் நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

சிங்காரம் முண்டாசோடு போய் நின்றதும் வடமலைக்குப் பிடித்துவிட்டது. சூப்பர் வில்லன், பெயர் மகாநாகாசுரன், மகுடி ஊதி உலகத்தை அடிமைப்படுத்த வருகிறான் என்று அங்கேயே கதையைச் சொல்லிவிட்டார். ஒரு தரம் கொடூரமாகச் சிரித்துக் காட்டச் சொன்னார். சிங்காரம் சிரித்தார். மகுடியில் சுதி போகிற அதே இடத்தில் சிரிப்பும் இருமலாகிவிட்டது. பரவாயில்லை, மரத்தில் சத்தம் வராது என்றார் வடமலை. ஒரே ஒரு சிக்கல்தான். இப்போதெல்லாம் கொடியவர் சான்றிதழ் இல்லாமல் யாரையும் வில்லனாகப் போட முடியாது. முயல் சங்கம் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தது. தகுதி இல்லாதவர்களை உதைப்பதில் கேப்டனுக்குக் கௌரவக் குறைச்சலாம்.

சான்றிதழ் தருகிற ஆபீஸில் சபாபதி என்ற தேவாங்கு உட்கார்ந்திருந்தார். பகல் வேலை அவருடைய உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. முழித்துப் பார்ப்பது போலவே இருக்கும், உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். மூன்று பிரதியில் விண்ணப்பப் படிவத்தை எடுத்துச் சிங்காரத்திடம் கொடுத்தார். ஒன்பதாவது கட்டத்தில் 'இதுவரை செய்த கொடுமைகள், சாட்சிகளின் கையொப்பத்துடன்' என்று இருந்தது. சிங்காரம் வெகுநேரம் யோசித்து, ஒரு தரம் கோழிக்கூட்டில் முட்டை திருடினதை எழுதினார். யாருக்காகத் திருடினீர் என்று சபாபதி கேட்டார். ரத்தினத்துக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று சிங்காரம் சொன்னதும் அதை அடித்துவிட்டார்.

"இது கொடுமையில வராதுய்யா, இரக்கத்துல வரும். அதுக்கு வேற கவுண்டர். நீர் கீரிதானே? ஒரு பாம்பைக் கொன்னு காட்டும். வியாழக்கிழமை நானே நேர்ல வர்றேன். அஞ்சு மணிக்கு ஆபீஸ் முடியுது, அதுக்குள்ள நடக்கணும்."

பாம்புக்கு எங்கே போவது என்றார் சிங்காரம். சபாபதி தூக்கத்திலேயே அவர் கையிலிருந்த கூடையைக் காட்டினார்.

ஆக, ரத்தினத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால் ரத்தினத்தைக் கொல்ல வேண்டும். சிங்காரத்தின் தலையெழுத்தை எழுதியவரும் அந்த ஆபீஸில்தான் வேலை பார்த்திருக்க வேண்டும். வரப்போரமாக உட்கார்ந்து அவர் கொஞ்ச நேரம் அழுதார். மகாநாகாசுரன் அழுகிறான் என்று பார்த்துக்கொண்டே ஓர் ஓணான் போயிற்று.

விஷயம் தெரிந்ததும் ரத்தினம் சிரித்தாள். இதற்குப் போய் அழுவார்களா என்றாள். கழுத்தில் லேசாக வாயை வைத்தால் போதும், தான் துள்ளித் துடித்துக் கட்டையாகக் கிடந்துவிடுவாள், தேவாங்கு கையெழுத்துப் போட்டதும் எழுந்துகொள்ளலாம். செத்தவர்கள் பெயரில் எத்தனை ரேஷன் கார்டு ஓடுகிறது, தன்னை மட்டும் யார் வந்து சோதிக்கப்போகிறார்கள் என்றாள்.

"பதினோரு வருஷமா விடப்போறேன் விடப்போறேன்னு சொல்றீங்க. ஒரே ஒரு நாள் விட்டுடுங்க மாஸ்டர். எனக்குப் பானைக்குப் போக இஷ்டமில்ல."

சரி என்று சொல்லச் சிங்காரம் வாயைத் திறந்தார். வாயில் எச்சில் ஊறியது.

அதுதான் அவருடைய ரகசியம். ரத்தினத்தைக் கண்டு அவருக்குப் பயமே கிடையாது. தன்னுடைய பல்லைக் கண்டுதான் பயம். கழுத்தில் ஒரு தரம் வாயை வைத்துவிட்டால் அந்தப் பல் அவர் பேச்சைக் கேட்காது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். குருநாதர், மலை, வேர், தாயத்து எல்லாம் அந்த ஒரு கடியைத் தள்ளிப்போடுவதற்குத்தான். குருநாதர் என்று யாருமே கிடையாது. ஆனாலும் ரத்தினம் அப்படிக் கேட்டபிறகு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டுத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. பதினோரு வருஷம் கழித்து, அரசாங்க சாட்சியோடு சண்டை நடக்கிறது என்றால் யார்தான் வராமல் இருப்பார்கள். முன்வரிசையில் சபாபதி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு முழித்தபடி தூங்கினார். வடமலை தேக்கில் தொற்றிக்கொண்டு முதல் படத்துக்குத் தயாரானார். கேப்டன் முயல் வெல்வெட் அங்கி போட்டுக்கொண்டு புதருக்குப் பின்னால் நின்றார். கீரி கொன்று முடித்ததும் பாய்ந்து வந்து உதைப்பதாக ஏற்பாடு. கொல்வதற்கு முன்னால் வந்து காப்பாற்றினால் என்ன என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரத்தினம் வட்டத்துக்குள் படமெடுத்து நின்றாள். கழுத்தை வாகாகச் சாய்த்துக் கொடுத்தாள். சிங்காரம் ஓர் அடி முன்னால் வந்தார். வழக்கமாகச் சொல்கிற அந்த இரண்டு வரியை மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்தார்.

"இதோ, கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போறேன். பாதியில கலைஞ்சு போறவங்க ரத்தம் கக்கிச் சாவாங்க."

அவ்வளவுதான், பேச்சு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. குருநாதர் மலையேறினார். வேர் கிடைத்தது. மூலம், முதுகுவலி, பல்வலி எல்லாம் முடிந்தது. மணியடித்து நிறுத்தக் கரடியும் இல்லை. கரடி தேன் சொசைட்டியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமாகிறது. குருநாதர் மலையிலிருந்து இறங்கி அடுத்த மலையில் ஏறினார்.

வெயில் ஏறியது. யாருக்கும் கிளம்பத் தைரியமில்லை. சர்க்கஸில் என்றால் இத்தனை நேரம் யாரும் நின்றதில்லை, அதனால் ரத்தம் கக்குவது நிஜமா பொய்யா என்று ஒருவருக்கும் தெரியாது. எருமைக்குக் குட்டையில் முறை போய்விட்டது. அணிலுக்கு ரேஷன் கடையில் டோக்கன் நம்பர் தாண்டிவிட்டது. கொக்கு மீன் பிடிக்கிற நேரத்தைக் கோட்டைவிட்டு ஒற்றைக்காலில் நின்று பல்லைக் கடித்தது, பல் இல்லாததால் அதுவும் சரியாக வரவில்லை. பன்னிரண்டரை மணிக்குக் கேப்டன் முயல் வெல்வெட்டுக்குள் வெந்து மயங்கிச் சாய்ந்தார். வில்லன் கையைக்கூட ஓங்காமல் ஹீரோ விழுந்தது அந்தப் படக்கதையில் அதுதான் முதல் தடவை. வடமலை நாற்பது கட்டம் கொத்திவிட்டார். நாற்பதிலும் ஒரே படம். முண்டாசு கட்டிய கீரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.

ரத்தினம் மூன்று தரம் "மாஸ்டர், இப்போ" என்று கிசுகிசுத்தாள். மூன்றாவது தரம் சொல்லிவிட்டு அவர் வாயையே பார்த்தாள். பேச்சைப் படிப்பதற்காகத்தான் பார்த்தாள். பார்த்தபோது கடைவாயில் எச்சில் வழிவது தெரிந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதும் தெரிந்தது. பதினோரு வருஷக் கதை அவளுக்கு ஒரு நொடியில் புரிந்தது. படத்தைச் சுருக்கிக்கொண்டு அவர் காலடியில் சுருண்டு படுத்தாள்.

"பேசுங்க மாஸ்டர்," என்றாள். "நிறுத்தாம பேசிக்கிட்டே இருங்க."

அவர் பேசினார். ஐந்து மணிக்கு ஆபீஸ் மணி அடித்தது. சபாபதி நிமிர்ந்து, பாம்பு செத்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றதும் விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்தார். சிங்காரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு வண்டி வந்துவிடும். பேசிப் பேசியே ரத்தினத்தைப் பானைக்குள் தள்ளிவிட்டேனே என்று முண்டாசை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. யாரும் ரத்தம் கக்கவில்லை. அது தெரிந்ததும்தான் எல்லோருக்கும் கோபம் வந்தது. கதவைச் சாத்துவதற்குள் நேரே ஆபீஸ் கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்று மனு எழுதினார்கள். ஒரு நாளே போச்சு என்று எருமை எழுதியது. இதற்கு அந்தப் பாம்பையே கொன்றிருக்கலாம் என்று கொக்கு எழுதியது. மயக்கம் தெளிந்த கேப்டன் முயல் கைத்தாங்கலாக வந்து, தன் வாழ்நாளில் இப்படி ஒரு கொடுமையைச் சந்தித்ததில்லை என்று இரண்டு பக்கம் எழுதினார். நூற்று நாற்பத்து மூன்று மனு சேர்ந்துவிட்டது. எல்லாவற்றிலும் சாட்சிக் கையெழுத்து. சபாபதிக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். புதுசாக ஒரு ஃபைல் திறக்கச் சோம்பல் பட்டு, மொத்தத்தையும் சிங்காரத்தின் விண்ணப்பத்தில் ஒன்பதாவது கட்டத்துக்கு இணைப்பாகத் தைத்துவிட்டார். தைத்தபிறகு விதிப்புத்தகம் சான்றிதழ் கொடுக்கச் சொன்னது. போட்ட கோட்டை அடித்து, முதல் தரக் கொடியவர் என்று முத்திரை குத்திச் சிங்காரத்தின் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை வந்த வண்டி காலிப்பானையோடு திரும்பிப் போனது. தேக்கு மரத்தில் மகாநாகாசுரன் வாராவாரம் பேசுகிறான். கேப்டன் முயல் வாராவாரம் வெயிலில் விழுகிறார். காடே திட்டிக்கொண்டு வந்து நின்று படிக்கிறது. சாயங்காலம் சிங்காரமும் ரத்தினமும் மரத்தடி வளையில் எதிரெதிரே உட்கார்ந்து முட்டை சாப்பிடுவார்கள். நடுவில் கூடை இருக்கும். வாயில் எச்சில் ஊறினால் அவர் குருநாதரைப் பற்றி ஆரம்பிப்பார், அவள் கேட்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சண்டை எங்கேய்யா என்று முணுமுணுப்பவர்கள் தாராளமாக மனு எழுதலாம். கவுண்டர் திறந்துதான் இருக்கிறது. கதை சொல்கிறவனிடமும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது, ஒன்பதாவது கட்டம் ரொம்ப நாளாகக் காலியாகவே கிடக்கிறது.

நீதி: ஒருத்தரை நிஜமாக நேசிக்கிறவர், ஊரில் மீதி எல்லோருடைய நாளையும் வீணாக்கிவிடலாம், அரசாங்கமே அதற்குச் சான்றிதழ் கொடுக்கும்.