செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்குப் பேரானந்தம்

மனிதனுக்குச் சில சமயம் தன்னை மீறிய ஓர் அனுபவம் வருகிறது. அது என்ன, ஏன் வருகிறது, வந்தால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையெல்லாம் முறைப்படி ஆராய எங்கள் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் ஒரு பிரிவு இருக்கிறது. 'எல்லை கடந்த அனுபவங்கள் ஆய்வுப் பிரிவு' என்று பெயர். மூன்றாவது மாடி, கழிப்பறைக்கு அடுத்த கதவு. நெதர்லாந்தின் வடகோடியில், கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் ஊர் எங்களுடையது. மேலான அனுபவங்களை ஆராய இதைவிடத் தாழ்வான இடம் கிடைக்காது என்று திறப்பு விழாவில் துணைவேந்தர் பேசினார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

நான் அங்கே புள்ளிவிவரம் பார்ப்பவன். பிறருடைய பரவசத்தைக் கூட்டி, வகுத்து, சராசரி எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, பரவசம்தான் வரவில்லை. பிரிவு தொடங்கியதிலிருந்து செல்லத்தக்க அனுபவம் ஒன்றுகூட எங்களிடம் சிக்கவில்லை.

அதற்கு எங்களைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் வினாத்தாள் உலகத் தரம் வாய்ந்தது. "காலம் என்பதே மறைந்துபோனதா? ஆம் எனில், எத்தனை நிமிடங்களுக்கு?" என்று ஒரு கேள்வி. "இந்த அனுபவம் சொற்களுக்கு அப்பாற்பட்டதா? ஆம் எனில், விரிவாக எழுதுக" என்று இன்னொன்று. "'நான்' என்னும் உணர்வு கரைந்ததா?" என்பதற்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போட வேண்டும். ஒன்று என்றால் கரையவே இல்லை. ஏழு என்றால் மிச்சமே இல்லை. ஏழு போட்டவர் கீழே கையெழுத்தும் போட்டிருந்தால், கரைந்துபோனவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார் என்று கேட்டுத் தாளைத் தள்ளுபடி செய்வோம். கையெழுத்துப் போடாவிட்டால், கையெழுத்து இல்லை என்று தள்ளுபடி செய்வோம்.

இவ்வளவு கறாராக இருந்தும் மேலிடத்துக்கு எங்கள் மீது திருப்தி இல்லை. மக்கள் எந்தச் சீஸை எதற்காக வாங்குகிறார்கள் என்று ஆராயும் பிரிவுக்கு எங்கள் அறையைக் கொடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபட்டது. அவர்கள் ஒரு நாள் வந்து, தங்கள் குளிர்பெட்டியை எங்கே வைக்கலாம் என்று நாடா பிடித்து அளந்துவிட்டே போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஹார்ம் ஓல்டகாம்ப் வந்து சேர்ந்தார். நேரம் வாங்காமல் வந்தார். எங்கள் ஊரில் பெற்ற தாயைப் பார்ப்பதென்றாலும் டயரியைப் புரட்டி நாள் குறித்துக்கொண்டுதான் போவோம். சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டுகிறவர் ஒன்று போலீஸ்காரராக இருக்க வேண்டும், அல்லது புத்தி கலங்கியவராக இருக்க வேண்டும். முனைவர் பட்டத்துக்காக எங்களோடு உழைத்துக்கொண்டிருந்த ஹில்கே கதவை முக்கால்வாசிதான் திறந்தாள்.

"நேரம் வாங்கியிருக்கீங்களா ஐயா?"

"இல்லம்மா. எனக்கு வந்ததும் நேரம் வாங்கிட்டு வரலை."

அவர் கால்வாயின் தூக்குப்பாலத்தை ஏற்றி இறக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி க்ரீட் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னார்.

"போன மாசம் சைக்கிள்ல போயிட்டிருந்தேன். பாலம் தூக்கியிருந்துச்சு. மணல் ஏத்திக்கிட்டு ஒரு படகு மெதுவாப் போவுது. நின்னேன். நான் எங்க முடியறேன், தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலம்மா. படகுக்காரன், எனக்குப் பின்னாடி மணி அடிக்கிறவன், செத்துப்போன என் க்ரீட்... யாரையும் தனியாப் பிரிச்சுப் பாக்க முடியலை. சந்தோஷம்னு சொன்னா அது ரொம்பச் சின்ன வார்த்தை. பாலம் இறங்கியும் நான் நகரலை. பின்னாடி நின்னவங்க திட்டினாங்க. அந்தத் திட்டுகூட நல்லாத்தான் இருந்துச்சு."

ஹில்கே எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் இருமிக்கொண்டேன்.

"நாங்க என்ன செய்யணும் ஐயா?" என்றாள்.

"என் பொண்ணு அன்னெகீன்கிட்ட சொல்லித் தொலைச்சுட்டேன். அப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சுங்கறா. முதியோர் இல்லத்துல இடம் பாத்து வெச்சிருக்கா. கதவை வெளிப்பக்கமாப் பூட்டற இடம். நீங்க படிச்சவங்க. இது பைத்தியம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் என் வீட்லயே கெடந்துக்குவேன்."

எங்கள் தலைவர் பேராசிரியர் பொல்மன் பாதிக் கதையிலேயே வந்து கதவோரம் நின்றிருந்தார். இத்தனை காலமாகத் தேடியது தானாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. மனிதர் நெகிழ்ந்துபோய், காப்பியோடு அவருக்கு இரண்டாவது பிஸ்கட் கொடுத்தார். எங்கள் ஊரில் அரசர் வந்தாலும் பிஸ்கட் ஒன்றுதான்.

ஆனாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டுமே. குழுவின் தலைவி திருமதி கொய்மன்ஸ் சட்டம் படித்தவர். தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அனுபவம் வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒப்புதல் வாங்கினீங்களா?"

"அது அவருக்கே தெரியாம வந்தது மேடம்," என்றார் பொல்மன்.

"அப்ப ஒப்புதல் இல்லாம நடந்திருக்கு. யார் செஞ்சது?"

பொல்மன் கூரையைப் பார்த்தார். "அதைத்தான் ஆராய்ச்சி பண்றோம்."

"பேரு, விலாசம் இல்லாம நான் யாருக்கு நோட்டீஸ் அனுப்பறது? சரி, விடுங்க. அந்த நேரத்துல அவருக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல பிரிவே இல்லாமப் போச்சுன்னு எழுதியிருக்கே?"

"அதுதான் மேடம் இதோட சிறப்பு."

"அதுதான் இதோட சிக்கல். படகுக்காரரோட சொந்த விவரம் பூரா இவர்கிட்ட வந்து சேர்ந்திருக்கு. தனியுரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா? படகுக்காரர் அனுமதி குடுத்தாரா?"

"அவர் படகு ஓட்டிட்டிருந்தார்."

"இறந்துபோன அந்தம்மா?"

"அவங்க... இறந்துட்டாங்க மேடம்."

"வாரிசுகிட்ட வாங்கணும். இவர் பிரபஞ்சம் பூராக் கலந்துட்டார்னு வெச்சுக்குங்க, பிரபஞ்சம் பூராக் கையெழுத்து வாங்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வாங்கினாப் போதும். நட்சத்திரத்துக்கெல்லாம் நம்ம சட்டம் செல்லாது."

குழு நீண்ட நேரம் விவாதித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. பாலத்தருகே ஏற்பட்டதாகக் கூறப்படும் அனுபவம் ஏற்படவில்லை எனக் கருதப்படும். அன்னார் விரும்பினால், முன்ஒப்புதல் அளித்து, அலுவலக நேரத்தில், துறையின் வளாகத்துக்குள் அதை இன்னொரு முறை அடையலாம். செவ்வாய்க்கிழமை பத்தேகால் முதல் பதினொன்று வரை அறை ஒதுக்கப்படுகிறது.

செவ்வாய்க்கிழமை ஹார்ம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கூடவே மகள் அன்னெகீன். கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் முதியோர் இல்லத்தின் வண்ணக் கையேடு. அட்டைப்படத்தில் ஒரு கிழவரும் கிழவியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அறையில் விளக்கைக் குறைத்து, தேவாலயப் பாட்டு ஒன்றைப் பதிவிலிருந்து ஓடவிட்டோம். சுவரில் ஒரு மலையின் படம். எங்கள் நாட்டில் மலை கிடையாது என்பதால் வெளியிலிருந்து தருவித்தது. ஹில்கே விளக்கினாள்.

"பத்து இருபது வரைக்கும் தயாராகுங்க ஐயா. அதுக்கப்புறம் கரையலாம். பத்து அம்பத்தஞ்சுக்குத் திரும்பி வந்துடணும்."

"வர முடியலைன்னா?"

"பதினொண்ணுக்கு இங்க சீஸ்காரங்க மீட்டிங் இருக்கு."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் கண்ணை மூடினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் முகமாகத்தான் இருந்தது. நேரம் முடிந்ததும் கண்ணைத் திறந்தார். வினாத்தாளைக் கையில் வாங்கினார். எழுதுவதற்கு முன் கேட்டார்.

"இதுல ஏழு போட்டா என்ன ஆவும்மா?"

ஹில்கேவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "விரிவா எழுதணும் ஐயா. அப்புறம் கமிட்டி கூப்பிடும். அம்மாவோட வாரிசுங்கற முறையில உங்க பொண்ணுகிட்ட அனுமதி வாங்கணும். படகுக்காரரையும் தேடிப் பிடிக்கணும். அப்புறம் சரிபார்க்கறதுக்காக உங்களைத் திரும்பத் திரும்ப வரச் சொல்லுவோம்."

"ஒண்ணு போட்டா?"

"வீட்டுக்குப் போகலாம்."

அவர் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டார். மேலிருந்து கீழ் வரை, ஒரு கேள்வி விடாமல், வேலி நட்டதுபோல் ஒன்று, ஒன்று, ஒன்று. பொல்மன் சுவரில் சாய்ந்துவிட்டார். ஹில்கே கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எங்களுக்குப் பக்கத்துக் கதவுதான், நன்றாகவே கேட்டது.

விதிப்படி முடிவறிக்கை கொடுக்க வேண்டியவன் நான். எழுதினேன்: "மேற்படி நபரிடம் எல்லை கடந்த அனுபவத்துக்கான அறிகுறி எதுவும் காணப்படவில்லை. இவர் முற்றிலும் சாதாரணமானவர்." பல்கலைக்கழக முத்திரையைக் குத்தி அன்னெகீனிடம் நீட்டினேன்.

அவள் ஒரு முறை படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"சாதாரணமானவரா? எங்க அப்பாவா? முற்றிலுமா?"

"முற்றிலும்," என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் மொழியில் 'சாதாரணம்' என்பதற்கு மேல் பாராட்டு இல்லை. அரசரைப் பற்றி, கல்லறையில் கிடத்தப்படும் நல்ல மனிதரைப் பற்றி, நாங்கள் சொல்லும் அதிகபட்ச நல்வார்த்தை அதுதான். அவள் கையேட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று எனக்கு மனசு நிறைந்திருந்தது. அதை எந்த அட்டவணையில் சேர்ப்பது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

அந்தத் தாளை அவள் ஊரெல்லாம் காட்டியிருக்கிறாள். மறுவாரமே அவளுடைய தெருக்காரி ஒருத்தி வந்தாள். நேரம் வாங்கிக்கொண்டுதான் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரரையும் கொஞ்சம் சோதிச்சுப் பாருங்களேன். சாயங்காலம் ஆனா தோட்டத்துல நின்னு வானத்தைப் பாக்கறார். கேட்டா ஒண்ணுமில்லைங்கறார்."

அவர் வந்தார், உட்கார்ந்தார், எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டார். அடுத்துப் பாதிரியார் வந்தார். அவர் உருக்கமாக ஜெபிக்கிறார் என்று சபையில் புகாராம். அவரும் ஒன்று. அதுவரை எங்கள் ஊரில், சனி ஞாயிறுகளில் மாட்டுக்கொட்டகை ஒன்றில் கூடி, பெரிய வெண்கலத் தட்டை யாரோ அடிக்க, எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் பருப்பு சூப் குடிப்பதுதான் நாகரிகமாக இருந்தது. அதே ஆட்கள் இப்போது எங்கள் மாடிப்படியில் வரிசையில் நின்றார்கள். வெண்கலத் தட்டை அடித்தவரே மூன்றாவதாக நின்றார். மணமகள் தேவை விளம்பரத்தில் 'சான்றிதழ் உண்டு' என்று போட ஆரம்பித்தார்கள். நகரசபைத் தேர்தலில் சான்றிதழ் இல்லாத வேட்பாளருக்கு வைப்புத்தொகை போயிற்று.

பொல்மன் தொலைக்காட்சியில் தோன்றி, பரவசமின்மையை அறிவியல் முறைப்படி அளக்கும் ஒரே நிலையம் எங்களுடையது என்றார். பிரிவுக்குப் பெயர் மாற்றி, கழிப்பறையையும் இடித்து எங்கள் அறையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். குளிர்பெட்டிக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு, அவர்களும் வந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆகவே ஹார்ம் வசந்தகாலம்தோறும் புதுப்பிக்க வருவார். இந்த வருஷம் ஹில்கே விடுப்பில் இருந்ததால் நானே அவரை உட்கார வைத்தேன். நேரம் முடிந்ததும் எழுதிக் கொடுத்தார். நான் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் முணுமுணுத்தேன்.

"எல்லாம் ஒண்ணு."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அதைத்தான் தம்பி நானும் பாத்தேன்."

"எப்ப?"

"இப்பத்தான். போன வருஷமும். மொதல் தடவையும்தான். அந்தப் பாட்டையும் தாண்டிக்கிட்டு வந்துச்சுன்னா பாத்துக்குங்க. இருபதுக்கு மேல கரையலாம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, சரியா அப்பத்தான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முன்ஒப்புதல் உண்டு, அலுவலக நேரம், துறையின் வளாகம். உலகத்தில் எவருக்கும் கிடைக்காத, முழுக்க முழுக்கச் செல்லத்தக்க அனுபவம். இந்தத் தாளைத் திருத்தினால் என் பெயர் நிலைக்கும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். திருத்தினால் அன்னெகீன் அந்த இல்லத்துக்குப் போன் போடுவாள் என்பதும் தெரியும்.

"அப்புறம் ஏன் ஐயா ஒண்ணு போட்டீங்க?"

"வீட்டுக்குப் போவணுமே தம்பி."

முத்திரையைக் குத்தினேன். அவர் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். கதவைத் திறந்தபோது, படிக்கட்டு வரை நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இத்தனை பேர் வர்றாங்களே, யாராச்சும் ஒருத்தர் மாத்திப் போட்டாங்களா?"

"இல்லை ஐயா. ஊர்ல எல்லாரும் ஒண்ணுதான்."

"படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார். இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பினார். "நீங்க என்ன தம்பி போட்டீங்க?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுதான்," என்றேன், தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாக.